க/பெ: ஐரோப்பிய சினிமாவின் காகித மனைவிகள்

ரமணாசிரமப் பகுதியின் தெருக்களில் ஐரோப்பியப் பெண்கள் தனியாக நடந்துபோவது திருவண்ணாமலைக்காரர்களுக்குப் பழகிய காட்சி. பனிக்காலத்தில் வந்து வெயில் ஏறுமுன் திரும்புகிறவர்கள் உண்டு. ஆண்டுக்கணக்கில் வாடகைக்கு வீடெடுத்துத் தங்குகிறவர்களும் உண்டு. வீட்டுக்காரர் கடவுச்சீட்டையும் விசாவையும் பார்த்துப் பதிவு செய்துவிட்டால் காகித வேலை பெரும்பாலும் முடிந்தது. வீட்டுக்காரர் எங்கே என்று பூக்கார அம்மா கேட்கலாம். பதில் சொல்லாமல் சிரித்துவிட்டு அவர்கள் கிரிவலப் பாதையில் நடக்கலாம். அவர்களுடைய வீடுகளில் சமைக்கவும் துணி துவைக்கவும் போகும் நம் பெண்களின் நிலை வேறு. வங்கிக் கணக்கோ பட்டா மனுவோ, எந்தப் படிவத்தை எடுத்தாலும் பெண்ணின் பெயருக்கு அடுத்து இரண்டு எழுத்துகள் வந்து நிற்கின்றன: த/பெ அல்லது க/பெ. தந்தை பெயர், திருமணம் ஆகிவிட்டால் கணவர் பெயர்.

இந்த வேறுபாட்டைப் பார்க்கும்போது, ஐரோப்பியப் பெண் என்றைக்குமே யாருடைய பெயருக்குப் பின்னாலும் நிற்காமல் உலகம் சுற்றியவள் என்று நினைக்கத் தோன்றும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அவளுடைய கடவுச்சீட்டிலும் நெடுங்காலம் கண்ணுக்குத் தெரியாத ஒரு க/பெ இருந்தது. ஐரோப்பா மறக்க விரும்பும் அந்த வரலாற்றை அதற்கு நினைவூட்டிக்கொண்டிருப்பவற்றுள் ஒன்று, கடந்த கால் நூற்றாண்டின் ஐரோப்பிய சினிமா. யார் நம்மவர் என்று அந்த சினிமா கேட்கும்போது மறுபடி மறுபடி ஒரு காகித மனைவி திரைக்கு வருகிறாள். அவர்களில் ஒருத்தி தமிழ் பேசுகிறாள்.

ஒரு காரும் இரண்டு கடவுச்சீட்டுகளும்

1939 ஜூன் மாதம் ஜெனீவாவிலிருந்து ஒரு ஃபோர்டு கார் கிழக்கு நோக்கிப் புறப்பட்டது. உள்ளே இரண்டு சுவிட்சர்லாந்துப் பெண்கள். ஒருவர் எலா மாயார். 1903இல் ஜெனீவாவில் பிறந்தவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தன் நாட்டுக்காகப் பங்கேற்றவர். மத்திய ஆசியாவிலும் சீனாவிலும் பயணம் செய்து எழுதிப் பெயர் பெற்றவர். மற்றவர் அன்னமாரி ஷ்வார்ட்சன்பாக். 1908இல் சூரிச்சில் பட்டுத் தொழில் நடத்திய பெரும் பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர். எழுத்தாளர், ஒளிப்படக் கலைஞர், பெண்களைக் காதலித்தவர், மார்ஃபின் பழக்கத்திலிருந்து மீளப் போராடிக்கொண்டிருந்தவர். துருக்கி, ஈரான் வழியாக அவர்கள் காபூலைச் சென்றடைந்த சில நாட்களில் ஐரோப்பாவில் போர் தொடங்கிவிட்டது.

அந்தப் பயணத்தை எலா மாயார் 1947இல் புத்தகமாக வெளியிட்டார். தோழியின் பெயரை அதில் கிறிஸ்டினா என்று மாற்றியிருந்தார். 2001இல் ஃபோஸ்கோ டுபினி, டொனடெல்லோ டுபினி என்ற சகோதரர்கள் அதைத் திரைப்படமாக்கினார்கள். ஜெர்மன் மொழியில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தின் பெயருக்கு ‘காஃபிரிஸ்தான் பயணம்’ என்று பொருள். நாஜிகளின் நிழல் விழுந்த ஒரு கண்டத்தை விட்டு வெளியேறும் இரண்டு பெண்கள் தாங்கள் எந்த ஐரோப்பாவைச் சேர்ந்தவர்கள் என்று தேடுவதே படத்தின் உள்ளோட்டம்.

படத்தின் கதை ஆப்கானிஸ்தானோடு முடிகிறது. திருவண்ணாமலை அதற்குப் பிறகு வருகிறது. எலா மாயார் இந்தியாவுக்குள் வந்து, போர்க்காலமான 1940 முதல் 1945 வரையிலான ஆண்டுகளைத் தென்னிந்தியாவில், பெரும்பாலும் திருவண்ணாமலையில், ரமணரை நாடிக் கழித்தார். இங்கே தன்னோடு வளர்ந்த ஒரு பூனையைப் பற்றி 1951இல் ஒரு புத்தகமும் வெளியிட்டார். அந்த ஆண்டுகளில் இந்தியாவில் இருந்த ஜெர்மானியர்களை ஆங்கிலேய அரசு எதிரி நாட்டவர் என்று முகாம்களில் அடைத்துக்கொண்டிருந்தது. எலா மாயாரிடம் இருந்ததோ நடுநிலை நாட்டின் கடவுச்சீட்டு.

அவர் வந்து சேர்ந்த ஆசிரமத்துக்கும் பெண்கள் தொடர்பாக ஒரு விதி இருந்தது. ரமணர் வாழ்ந்த காலத்தில் பெண்கள் இரவில் ஆசிரமத்துக்குள் தங்க முடியாது. பகலில் கூடத்தில் சாதியும் நாடும் கலந்து உட்கார்ந்திருக்கலாம். பொழுது சாய்ந்தால் பெண்கள் வெளியே வீடு பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டாண்டு காலமாக ரமணருக்கு உணவு கொண்டுவந்த இச்சம்மாளும் முதலியார் பாட்டியும் வெளியே குடியிருந்தவர்கள்தான். 1922இல் இறந்த ரமணரின் தாய் அழகம்மாளின் சமாதியைச் சுற்றியே அந்த ஆசிரமம் வளர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உடல், பெயர், உறவு அனைத்தையும் கழித்துவிட்டு ‘நான் யார்’ என்று கேட்கச் சொன்ன இடத்திலும் பெண் என்ற அடையாளம் மாலையில் கழியாமல் நின்றது. எல்லோருக்கும் பொது என்று அறிவிக்கப்படும் எந்த அடையாளத்துக்குள்ளும் பெண்ணுக்கென்று ஓர் உள்விதி இருக்கிறதா என்று பார்ப்பது நமக்குப் பழக்கமாக வேண்டும். ஐரோப்பா விஷயத்தில் அந்த உள்விதி கடவுச்சீட்டில் இருந்தது.

கணவரின் நாடே மனைவியின் நாடு

காருக்குள் இருந்த இரு பெண்களில் எலா மாயார் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. அன்னமாரி ஷ்வார்ட்சன்பாக் திருமணமானவர். 1935இல் தெஹ்ரானில் பிரெஞ்சுத் தூதரக அதிகாரி கிளோத் கிளாராக்கை மணந்தார். அவரும் தன்பாலீர்ப்பாளர். இருவருக்கும் அந்தத் திருமணம் ஒரு மறைப்பு. அன்னமாரிக்கு அது கூடுதலாக ஒன்றைக் கொடுத்தது: பிரெஞ்சு தூதரகக் கடவுச்சீட்டு. எல்லைகள் ஒவ்வொன்றாக இறுகிக்கொண்டிருந்த ஆண்டுகளில் பாரசீகத்துக்கும் சோவியத் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் போய் எழுதிய அந்தச் சுதந்திரமான பெண்ணின் கையில் இருந்தது, கணவர் வழியாக வந்த காகிதம்.

அதே 1935இல் அவருடைய நெருங்கிய தோழி எரிகா மானும் ஒரு காகிதத் திருமணம் செய்தார். எழுத்தாளர் தாமஸ் மானின் மகள். நாஜிகளைக் கிண்டலடித்து மேடை நிகழ்ச்சி நடத்தியதற்காக ஜெர்மன் குடியுரிமையை இழந்துகொண்டிருந்தவர். ஆங்கிலக் கவிஞர் ஆடன் அவரை மணந்துகொள்ள ஒப்புக்கொண்டார். ஆடனும் தன்பாலீர்ப்பாளர்தான். சேர்ந்து வாழும் எண்ணம் இருவருக்கும் இல்லை. 1935 ஜூன் 15 அன்று இங்கிலாந்தில் திருமணம் பதிவானது. எரிகா மான் பிரிட்டிஷ் பிரஜை ஆனார். அடுத்த ஆண்டு ஆடனின் முயற்சியால் யூத நடிகை தெரேஸ் கீசேவுக்கும் எழுத்தாளர் ஜான் ஹாம்ப்சன் அதேபோலக் கணவர் ஆனார்.

இந்தத் திருமணங்களை இலக்கிய வரலாறு தோழமையின் கதைகளாகச் சொல்கிறது. தோழமை உண்மைதான். ஆனால் அந்தத் தோழமை வேலை செய்ய ஒரு சட்டம் தேவைப்பட்டது. 1804இல் வந்த நெப்போலியன் சட்டத் தொகுப்பு, பிரெஞ்சுக்காரரை மணக்கும் அயல்நாட்டுப் பெண் கணவரின் நிலையை அடைவாள் என்றது. அயல்நாட்டவரை மணக்கும் பிரெஞ்சுப் பெண்ணும் கணவரின் நிலையை அடைவாள் என்றது. அதாவது முதல் பெண்ணுக்கு நாடு கிடைக்கும், இரண்டாமவளுக்குச் சொந்த நாடு போய்விடும். பிரிட்டனிலும் சுவிட்சர்லாந்திலும் ஏறத்தாழ இதுவே நடைமுறை. பெண்ணுக்கென்று தனியாக ஒரு நாடு இல்லை. பிறந்த வீட்டில் இருக்கும்வரை தந்தையின் நாடு, புகுந்த வீட்டில் கணவரின் நாடு.

ஆயிரக்கணக்கான பெண்களின் குடியுரிமையைப் பறித்த அதே சட்டம் எரிகா மானுக்கு உயிர்ப்பாதை ஆனது. பூட்டிய வீட்டின் ஓட்டை வழியே தப்பியதைப்போல. அதனால் வீடு நல்ல வீடு ஆகிவிடாது. பெண்கள் அமைப்புகள் உலகப் போர்களுக்கு இடையிலான ஆண்டுகள் முழுவதும் இந்த விதியை எதிர்த்துப் போராடின. பிரான்ஸ் 1927இல் தன் பெண்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. பிரிட்டன் 1948 சட்டத்தில் மாற்றியது. சுவிட்சர்லாந்து 1952 சட்டத்தில்தான் தன் பெண்கள் விரும்பினால் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்றது. அந்நாட்டுப் பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை கிடைத்ததே 1971இல். மணமான பெண்களின் குடியுரிமை பற்றிய ஐ.நா. உடன்படிக்கை 1957இல் வந்தது. பெண்ணை யாருக்கும் பின்னால் நிறுத்தாத கடவுச்சீட்டு ஐரோப்பாவுக்கும் ஒரு தலைமுறைக்கு முந்தைய பொருள்தான்.

எல்லைக் கதவும் படுக்கையறைக் கதவும்

1995 மார்ச்சில் ஷெங்கன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. ஏழு நாடுகள் தங்களுக்கிடையே கடவுச்சீட்டுச் சோதனையை நீக்கின. நாங்கள் ஐரோப்பியர் என்ற பொது அடையாளம் மனிதர் கால்வைத்து உணரக்கூடிய ஒன்றாக ஆனது. உள்ளே கதவு திறந்தபோது வெளிக் கதவு இறுகியது என்பது எல்லோரும் எழுதியிருப்பது. அதே காலத்தில் வீடுகளுக்குள் இருந்த இன்னொரு கதவின்மேலும் கண் பதிந்தது என்பது குறைவாகவே பேசப்பட்டிருக்கிறது. 1997 டிசம்பர் 4 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைச்சர் குழு, வசதிக்கான திருமணங்களை எதிர்ப்பது குறித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஒரு திருமணம் பொய்யானது என்று சந்தேகிக்க அதிகாரிகளுக்கு அதில் அடையாளங்கள் தரப்பட்டன: தம்பதி சேர்ந்து வாழவில்லை, திருமணத்துக்கு முன் சந்தித்ததே இல்லை, ஒருவரைப் பற்றி ஒருவர் சொல்லும் விவரம் பொருந்தவில்லை, இருவருக்கும் பொதுவான மொழி இல்லை, திருமணத்துக்காகப் பணம் கைமாறியது.

இந்தப் பட்டியலை எரிகா மானின் திருமணத்துக்குப் பொருத்திப் பாருங்கள். 1935இல் தோழமை என்று பெயர் பெற்றது, 1997இல் குற்றத்தின் அறிகுறி. பிரெஞ்சு மொழியில் இதற்கு ‘வெள்ளைத் திருமணம்’ என்று பெயர்; பிரான்சில் இன்று அதற்கு ஐந்து ஆண்டுவரை சிறையும் 15,000 யூரோ அபராதமும் விதிக்க முடியும்.

திரைக்குக் காகித மனைவிகள் அடுத்தடுத்து வந்தது இந்தத் தீர்மானத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில். 2004இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது பெற்ற ஃபாத்தி அகினின் படம், ஹாம்பர்க் நகரில் வாழும் துருக்கியக் குடும்பங்களைப் பற்றியது. படத்தின் பெயருக்குச் சுவரில் மோதுதல் என்று பொருள் சொல்லலாம். சிபெல் என்ற இளம்பெண் தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையில் இருக்கிறாள். அங்கே பார்த்த, தன்னைவிட மிக மூத்த, குடியில் சிதைந்த ஜாஹித் என்பவனிடம் தன்னை மணந்துகொள்ளச் சொல்கிறாள். அவன் துருக்கியன், அப்பாவும் அண்ணனும் ஏற்பார்கள். அது போதும். அவளுக்கு விசா பிரச்சினை எதுவும் இல்லை. அவள் கடக்க வேண்டிய எல்லை அவள் வீட்டு வாசல். அதைக் கடக்கவும் ஒரு கணவர் பெயர் தேவைப்படுகிறது.

2008இல் டார்டென் சகோதரர்கள் எடுத்த ‘லோர்னாவின் மௌனம்’ பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் நடக்கிறது. அல்பேனியப் பெண்ணான லோர்னா, போதைப் பழக்கத்துக்கு அடிமையான க்ளோடி என்ற பெல்ஜியக்காரனைப் பணம் கொடுத்து ஏற்பாடு செய்த திருமணத்தின் மூலம் குடியுரிமை பெற்றிருக்கிறாள். இடைத்தரகனின் திட்டம்: க்ளோடி போதை மிகுந்து செத்துவிட வேண்டும். விதவையான லோர்னா அடுத்து ஒரு ரஷ்யனை மணந்து அவனுக்கு ஐரோப்பியக் குடியுரிமை வாங்கித்தர வேண்டும். க்ளோடி சாகக் கூடாது என்று நினைக்கிறாள் லோர்னா. சீக்கிரமாக விவாகரத்து கிடைத்தால் அவன் பிழைப்பான். கணவன் அடிக்கிறான் என்று நிரூபித்தால் விவாகரத்து விரைவாகக் கிடைக்கும். அவன் அடிக்க மறுக்கிறான். அவள் தன்னைத்தானே சுவரில் மோதிக் காயப்படுத்திக்கொள்கிறாள்.

பெண் வதைபட்டால்தான் அவள் சொல்வதை அரசு நம்பும் என்பது நமக்குத் தெரியாத செய்தி இல்லை. லோர்னா அந்த அறிவை ஒரு கருவியாக எடுத்துக்கொள்கிறாள், ஓர் ஆணின் உயிரைக் காப்பதற்காக. அப்படியும் அவனைக் காப்பாற்ற முடிவதில்லை. திறந்த எல்லைகளின் ஐரோப்பாவில் பெண்ணின் உடல் ஒரு சுங்கச் சாவடியாக நிற்கிறது. ஆண்கள் அதன் வழியே கடந்துபோகிறார்கள். கதவைத் திறந்து காசு வாங்குகிறவனும் ஆண்தான்.

யாழினி

2015 மே மாதம் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது ழாக் ஒதியாரின் ‘தீபன்’ படத்துக்குக் கிடைத்தது. பிரெஞ்சு இயக்குநர் எடுத்த, பெரும்பகுதி தமிழில் பேசும் படம். நாயகனாக நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. யாழ்ப்பாணத்தின் அல்லைப்பிட்டியில் பிறந்து, பதின்பருவத்தில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து விலகி, 1993இல் பிரான்சை அடைந்தவர்; ‘கொரில்லா’, ‘ம்’ ஆகிய நாவல்களின் ஆசிரியர். யாழினியாக நடித்தவர் சென்னை நாடக மேடையிலிருந்து போன காளீஸ்வரி சீனிவாசன். சிறுமி இளையாளாக நடித்தவர் கிளாடின் வினாசித்தம்பி.

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். போர் முடிந்த இலங்கை முகாம் ஒன்றில், இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகள் இருக்கின்றன: தந்தை, தாய், ஒன்பது வயது மகள். அவற்றை நிரப்ப மூன்று ஆட்கள் தேவை. மனைவியையும் பிள்ளைகளையும் இழந்த ஒரு போராளி, தீபன் என்ற செத்தவனின் பெயரை எடுத்துக்கொள்கிறான். யாழினி முகாமுக்குள் அலைந்து தாயற்ற ஒரு சிறுமியைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். ஒருவரையொருவர் அறியாத மூவரும் குடும்பமாகப் பாரிஸ் போகிறார்கள்.

தாயகத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இந்தப் படத்தைப் பற்றி எழுந்த விவாதம் பெரும்பாலும் ஆண்களைச் சுற்றியே நடந்தது. முன்னாள் போராளியைச் சரியாகக் காட்டியதா, புலிகளைப் பற்றி என்ன சொல்கிறது, பிரெஞ்சுப் புறநகரைப் போர்க்களம்போலக் காட்டியது நியாயமா என்றெல்லாம் கேட்டார்கள். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள். ஆனால் காகித அடையாளத்தின் சுமையை மூவரில் அதிகம் சுமப்பவள் யாழினி. தீபனுக்குக் கிடைத்த பெயர் அவன் செய்த கடந்த காலத்தை மறைக்கிறது. யாழினிக்குக் கிடைத்த பெயர் அவள் இதுவரை செய்யாத வேலைகளை அவள்மேல் ஏற்றுகிறது: மனைவி, தாய். இரண்டுமே அவள் கேட்காதவை. அவள் போக விரும்பியது இங்கிலாந்துக்கு, அங்கே இருக்கும் உறவுக்காரப் பெண்ணிடம். குழந்தையிடம் அன்பு காட்டத் தெரியவில்லை என்று அவள் தடுமாறுவதைப் படம் ஒளிக்கவில்லை. தமிழ் சினிமாவில் தாய்மை தெரியாத ஒரு பெண்ணைக் கெட்டவளாக்காமல் பார்த்த காட்சிகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், அந்தத் தடுமாற்றத்தின் அருமை புரியும்.

தஞ்சக் கோரிக்கையை ஈழத்தமிழர் ‘கேஸ்’ என்பார்கள். கேஸ் எழுதுவது ஒரு கலை. படத்தில் தீபன் தன் கதையைச் சொல்லும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் அது எடுபடாது என்று கண்டு வேறு கதை சொல்லித்தருகிறார். கேஸ் கணவனுடையது, மனைவி அதில் ஓர் இணைப்பு. யாழினிக்கு ஏன் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது, போரில் அவளுக்கு என்ன நடந்தது என்று விசாரணை மேசையில் நிறுத்திக் கேட்கும் காட்சி படத்தில் இல்லை. இது திரைக்கதையின் குறை மட்டும் இல்லை. குடும்பமாக வரும் பெண்களின் அனுபவம் கணவரின் கோப்புக்குள் மடிந்துபோவது அலுவலக நடைமுறையாகவே நெடுங்காலம் இருந்திருக்கிறது.

புறநகரில் தீபன் குடியிருப்புக் காவலாளி ஆகிறான். யாழினிக்குப் பேச முடியாத ஒரு முதியவருக்குச் சமைத்து, வீடு கூட்டும் வேலை கிடைக்கிறது. வயதான ஐரோப்பாவைக் குளிப்பாட்டி உண்ணக்கொடுக்கும் வேலையில் இன்று அயல்நாட்டுப் பெண்கள் ஏராளம். யாழினி அந்த வரிசையில் சேர்கிறாள். தன் கையில் சம்பளம் வருகிறது. அந்த வீட்டுக்குள் போதைப்பொருள் கும்பலின் தலைவன் இருக்கிறான். மொழி முழுதாகப் புரியாமலே அவனோடு அவள் பேசுகிறாள், சிரிக்கிறாள். படத்தில் யாழினி ஒரு தனி ஆளாகத் தெரியும் சில நிமிடங்கள் அவை. துப்பாக்கிச் சண்டை வெடித்ததும் அவள் இங்கிலாந்துக்குப் போக ரயில் நிலையம் போகிறாள். தீபன் போய்த் தடுக்கிறான். எந்தச் சட்டப்படி? காகிதத்தில் இருக்கும் கணவன் என்ற சொல் அதற்குள் அதிகாரமாக மாறிவிட்டது.

இறுதியில் அவளைக் காப்பாற்ற அவன் ஆயுதமெடுத்து மாடிப்படி ஏறுகிறான். பிறகு இங்கிலாந்து, வெயில் விழும் தோட்டம், கையில் ஒரு கைக்குழந்தை. பொய்க் குடும்பம் மெய்க் குடும்பம் ஆகிறது. அதுவே மகிழ்ச்சியான முடிவு. ஐரோப்பா அவர்களை ஏற்றுக்கொண்டதன் அடையாளமாகப் படம் காட்டுவது, கணவன் மனைவி குழந்தை என்ற சட்டகம் நிரம்பிவிட்டதைத்தான். யாழினி தனியாக அந்த ரயிலில் ஏறி அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தால்? அந்தப் படத்தை எடுக்க ஐரோப்பிய சினிமாவுக்கும் மனம் வரவில்லை.

சீதனம் என்னும் விதிவிலக்கு

1997 தீர்மானத்தின் பட்டியலில், பணம் கைமாறினால் சந்தேகம் கொள்ளலாம் என்ற வரிக்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. வரதட்சணை வழக்கமாக உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள் வரதட்சணையாகக் கொடுத்த பணம் என்றால், அது சந்தேகத்துக்குரியது ஆகாது.

இந்த விதிவிலக்கு சொல்வது இதுதான். லோர்னாவைப்போல ஒரு பெண் தன் பயணத்துக்காக ஓர் ஆணுக்குப் பணம் கொடுத்தால் திருமணம் பொய். அவளுடைய அப்பா அதே ஆணுக்கு அதைவிட அதிகமாகக் கொடுத்தால் திருமணம் மெய். இந்தியாவில் 1961இலேயே தடை செய்யப்பட்ட வரதட்சணை, யாழ்ப்பாணத்தில் சீதனம் என்று பெண்ணின் காணியையும் நகையையும் எழுதிவாங்கும் வழக்கம், ஐரோப்பிய அதிகாரியின் மேசையில் நேர்மைக்குச் சான்று. திருமணத்துக்கு முன் சந்தித்ததே இல்லை என்ற அடையாளத்தையும் நம் வீடுகளில் வைத்துப் பார்க்கலாம். படம் பார்த்து, ஜாதகம் பார்த்து, ‘ஸ்பொன்சர்’ செய்து அழைக்கப்பட்டு, பாரிசிலோ லண்டனிலோ விமான நிலையத்தில் கணவரை முதல்முறை நேரில் பார்த்த பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். காகிதத் திருமணத்துக்கும் நிச்சயிக்கப்பட்ட திருமணத்துக்கும் இடையிலுள்ள கோடு அரசுகள் நினைப்பதைவிட மெல்லியது. இரண்டிலும் பெண் ஒரு பெயருக்குப் பின்னால் நின்று எல்லை கடக்கிறாள். ஒன்றில் அவளே அதைத் தெரிந்து செய்கிறாள் என்பதுதான் வேறுபாடு; தண்டனை அதற்குத்தான்.

குடியுரிமையைத் தந்தைவழி எண்ணும் பழக்கம் காலனியச் சட்டங்களோடு நம் பக்கமும் வந்து, இங்கே ஏற்கெனவே இருந்த தந்தைவழிச் சமூகத்தோடு வசதியாகப் பொருந்திக்கொண்டது. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம், அதற்கு முன் அந்த மண்ணில் பிறந்த ஒருவர் தன்னைக் குடிமகன் என்று காட்டத் தந்தை இலங்கையில் பிறந்தவராக இருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. மலையகத் தமிழர் நாடற்றவர் ஆக்கப்பட்டது இந்த வரியால். தேயிலைக் கொழுந்து பறித்த கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. அந்தப் பெண் அங்கேயே பிறந்திருந்தாலும் அவள் பிறப்பு அவள் பிள்ளைக்கு எதையும் தராது. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தபோது, எந்த நாட்டில் சேர்க்கப்படுவோம் என்பது குடும்பங்களாகவே முடிவானது. இலங்கையில் தாய்வழியாகவும் குடியுரிமை உண்டு என்று சட்டம் திருத்தப்பட்டது 2003இல். இந்தியாவிலும் 1955 சட்டப்படி வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்குத் தந்தை இந்தியராக இருந்தால்தான் வம்சாவழிக் குடியுரிமை. தாயும் போதும் என்ற திருத்தம் 1992இல் வந்தது.

ரமணாசிரமப் பகுதி இருக்கும் இதே திருவண்ணாமலை மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம்களும் இருக்கின்றன. தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். 2021இல் தமிழக அரசு அவற்றின் பெயரை மறுவாழ்வு முகாம்கள் என்று மாற்றியது. மாத உதவித்தொகையையும் உயர்த்தியது. குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500. உயர்வு வரவேற்கத்தக்கதுதான். ஆனால் தொகை பிரிக்கப்பட்ட விதத்தைப் பாருங்கள். ஒரே முகாமில் ஒரே அரிசியைச் சமைக்கும் இரண்டு பெரியவர்களில் ஒருவர் தலைவர், மற்றவர் மற்றவர். ‘தீபன்’ படத்தின் மூன்று கடவுச்சீட்டுகளைப்போல இங்கும் ஒரு சட்டகம் முன்கூட்டியே வரையப்பட்டிருக்கிறது. ஆட்கள் அதற்குள் வந்து நிற்கிறார்கள்.

எலா மாயாரின் பயணமும் யாழினியின் பயணமும் எதிரெதிர்த் திசையில் ஒரே பாதையைக் கடக்கின்றன. ஒருவர் ஐரோப்பாவிலிருந்து தமிழ் மண்ணுக்கு வந்தார். மற்றவள் தமிழ் மண்ணிலிருந்து ஐரோப்பா போகிறாள். முதலாமவர் எந்த ஆணின் பெயரும் இல்லாமல் வந்தார் என்பது அவருடைய துணிச்சலின் அடையாளம் மட்டும் அன்று. மணம் முடிக்காமல் இருக்கும் வசதியும் நடுநிலை நாட்டில் பிறந்த தற்செயலும் அதில் சேர்ந்திருக்கின்றன. அவருடைய தோழி அன்னமாரிக்கோ கணவர் பெயர் தேவைப்பட்டது. இந்த மூன்று பெண்களையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கும்போது, ஐரோப்பியப் பெண் சுதந்திரமானவள், கீழைப் பெண் குடும்பத்துக்குள் சிறைப்பட்டவள் என்ற பழைய சித்திரம் நிற்பதில்லை. குடியுரிமை என்ற பொது வீட்டுக்குள் நுழைய எங்கும் பெண்ணுக்கு ஒரு பின்வாசல் வைக்கப்பட்டிருந்தது. அதன் திறவுகோல் ஆணின் கையில் இருந்தது. பகிர்ந்த அடையாளம் பற்றிய பேச்சு அந்தத் திறவுகோலைப் பற்றிப் பேசாமல் முழுமை அடையாது.

திறவுகோல் இல்லாமல் முன்வாசலில் போய்த் தட்டிய ஒரு பெண்ணும் நம்மிடையே இருக்கிறார். இலங்கையிலிருந்து வந்த பெற்றோருக்கு 1986இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். கடவுச்சீட்டு கேட்டபோது மறுக்கப்பட்டது. அவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடினார். யாருடைய மகள், யாருடைய மனைவி என்பதை அவர் ஆதாரமாகக் காட்டவில்லை. 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையில் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்ற சட்ட விதியைக் காட்டினார். 2022இல் நீதிமன்றம் அவருக்குக் கடவுச்சீட்டு வழங்க உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் முதன்முறையாக வாக்களித்தார்.

1987 ஜூலை 1க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இந்த வழி இல்லை. பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து சட்டம் மாறிவிட்டது. 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு விதி இன்னும் கடுமை. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளின் பெயரைச் சொன்னது. இலங்கை அதில் இல்லை. அதே மண்டபத்தில், இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், முகாம்களில் பிறந்து தமிழகப் பள்ளிகளில் படித்து வளர்ந்த பெண்கள் முப்பது வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் நிரப்பும் படிவங்களில் க/பெ என்ற இடத்தை எளிதாக நிரப்பிவிடலாம். நாடு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.